நொண்டிச் சிந்தும் சைக்கிளும்

ஒற்றைக் காலோடு ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறார் என்று படித்தால் நம்மவர்களுக்கு உடனே கண்ணில் நீர் முட்டிவிடுகிறது. நீர் முட்டிய கண்ணுக்கு எதிரில் இருப்பது சரியாகத் தெரியாது. இந்தச் சைக்கிள்காரர்களைப் பற்றித் தமிழில் வருகிறவற்றைச் சில வருஷங்களாகக் கவனித்து வருகிறேன்: தினசரிகளின் ஞாயிறு இணைப்புகள், பள்ளி ஆண்டுவிழாப் பேச்சுகள், இப்போது கைபேசியில் ஒருவர் மற்றவருக்குத் தள்ளிவிடும் படங்களுக்கு அடியில் இருக்கும் வாசகங்கள். எல்லாம் ஒரே கதை. விதி அடித்தது, மனம் தளரவில்லை, இதோ பாருங்கள். பெயரை மட்டும் மாற்றிப் போட்டால் ஒன்று மற்றதாகிவிடும். சைக்கிள் எந்த மாதிரி, பெடலில் பாதம் எப்படி நிற்கிறது, மேடு வந்தால் என்ன செய்கிறார், நிற்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கவிதையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிக் கவிஞனின் வறுமையை மட்டும் எழுதிவிட்டுப் போகிற விமர்சனம் நமக்குப் பழக்கமானதுதானே.

இவர்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது என் அபிப்ராயம். மனோதிடத்தைவிட அதில் அதிகமாக வருவது யந்திரம். உடம்பு எப்படி இருக்கிறதோ அதற்கேற்பச் சக்கரத்தைத் திருத்திக்கொண்டவர்களின் சரித்திரம் அது. சைக்கிளைவிடப் பழையது.

ஜெர்மனியில் நூரெம்பர்க் பக்கத்தில் ஆல்ட்டோர்ஃப் என்று ஓர் ஊர். அங்கே ஸ்டீஃபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரக்காரர். நடக்க முடியாதவர். 1655ல், 22 வயதில், தமக்கென்று ஒரு மூன்று சக்கர வண்டியைச் செய்துகொண்டார். முன்சக்கரத்துக்கு மேலே கைப்பிடி; அதைச் சுற்றினால் பல்சக்கரங்கள் வழியாக முன்சக்கரம் உருளும். கடிகாரத்தில் முள்ளை நகர்த்துகிற அதே வித்தை, உருவம் மட்டும் பெரிசு. பாரன் டிரைஸ் மான்ஹைமில் தம் இரண்டு சக்கர வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது 1817ல், அதாவது 162 வருஷம் கழித்து. அதிலும் பெடல் கிடையாது. உட்கார்ந்தபடி தரையைக் காலால் உந்திக்கொண்டே போகவேண்டும். பெடல் வந்தது 1860களில். சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டுகிற, நாம் சைக்கிள் என்றால் நினைத்துக்கொள்கிற உருவம், 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர். காற்றடைத்த டயர் 1888ல் டன்லப்பினுடையது; அவர் பெல்ஃபாஸ்ட்டில் மாட்டு வைத்தியர், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார்.

சைக்கிளின் சரித்திரத்தை டிரைஸிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். இது நடக்க முடிந்தவர்களின் வழக்கம். நடக்க முடிந்தவனுக்குச் சக்கரம் வேண்டியிருந்தது இன்னும் வேகமாகப் போவதற்கு. ஃபார்ஃப்லருக்கு அது வேண்டியிருந்தது போவதற்கு. தேவை எங்கே கடுமையாக இருந்ததோ அங்கே யந்திரம் முதலில் பிறந்தது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இது ஐரோப்பிய சமாசாரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். புறநானூற்றில் ஐயூர் முடவனார் என்று ஒரு புலவர் இருக்கிறார். நாலு பாட்டு இருக்கின்றன. அதில் ஒன்று ஒரு பாண்டியன்மேல். மதுரைக்காரர்கள் சொந்தம் கொண்டாட அது போதும். எனக்கு முக்கியமாகப் படுவது தாமான் தோன்றிக்கோன் என்ற குறுநிலத் தலைவனைப் பாடிய 399ஆம் பாட்டு. மற்றப் புலவர்கள் பொன்னும் யானையும் கேட்டு நிற்கிற தொகையில், இவர் கேட்பது ஒரு மாடு. வண்டி இழுப்பதற்கு ஒரு பகடு. அதற்காகத்தான் வந்தேன் என்று நேராகச் சொல்லிவிடுகிறார். கேட்டது ஒன்று, கிடைத்ததோ வானத்து மீன்களைப் போல மாட்டு மந்தையும், ஏறிப்போக ஊர்தியும். கொடுத்தவனின் பெருமையைச் சொல்லும் வழக்கமான மிகைதான். ஆனால் கேட்டதை யோசித்துப் பாருங்கள். என் காலைப் பார் என்று அவர் அழவில்லை. கால் வேண்டும் என்றும் கேட்கவில்லை. வண்டிக்கு ஒரு உறுப்புக் குறைகிறது, அதைக் கொடு என்கிறார். பெயரிலேயே முடம் இருக்கிறவர், குறையைத் தம்மிடம் காணாமல் வண்டியில் காண்கிறார். (இதே முடவனார்தான் இன்னொரு பாட்டில், இறந்துபோன கிள்ளிவளவனுக்குத் தாழி செய்யும் குயவனைப் பார்த்து, பூமியைச் சக்கரமாகவும் மலையை மண்ணாகவும் வைத்தல்லவா நீ வனையவேண்டும் என்கிறார். அதையும் அவர் காலையும் முடிச்சுப் போடுவது அசட்டுத்தனம். என்றாலும் சக்கரத்தின் ஞாபகம் உள்ள மனுஷர் என்று நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.)

நடுவில் இந்தத் தெளிவு நமக்குக் கெட்டுப்போனது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்று ஒரு வகை கிளம்பிற்று. சீதக்காதி நொண்டி நாடகம், திருச்செந்தூர் நொண்டி நாடகம் என்று பல. கதைப்போக்கு ஏறக்குறைய ஒன்றே: தாசி வீட்டில் எல்லாவற்றையும் தொலைத்தவன், பணத்துக்காகக் குதிரை திருடப் போய், பிடிபட்டு, கால் வெட்டப்படுகிறான். பிறகு தெய்வத்தின் அருளால் கால் வளர்கிறது. சீதக்காதி கதையில் அதற்கு மக்கா வரைக்கும் போகவேண்டியிருக்கிறது. ஆக முடம் என்பது பாவத்தின் சம்பளம். தீர்வு என்பது அற்புதம். நடுவில் அந்த மனுஷன் எப்படி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனான் என்பது பற்றி நாடகத்துக்கு அக்கறையில்லை. அவன் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து மேடைக்கு வருவதுதான் வேடிக்கை. இன்றைய ஞாயிறு இணைப்புக் கட்டுரையில் தெய்வம் இருந்த இடத்தில் தன்னம்பிக்கை வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்றபடி நாடகம் அதேதான். மேடையில் ஒருவர் ஒற்றைக் காலில்; கீழே நாம்.

ஆனால் அந்த நாடகம் நமக்கு ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறது. நொண்டிச் சிந்து அதிலிருந்து வந்தது. இந்தச் சிந்தின் அடி ஒரு வேகத்தில் போய், பாதியில் தனிச்சொல்லில் ஒரு கணம் நின்று, மறுபடி எழும்பும். ஒற்றைக் கால் தரையைத் தொட்டு எம்புகிற தாளம். பாரதி 1912ல் பாஞ்சாலி சபதத்தை எழுத உட்கார்ந்தபோது, காவியத்துக்கென்று இருந்த விருத்தத்தையே முழுக்க நம்பாமல், பெரும்பகுதிக்கு இந்த வேடிக்கைக் கூத்தின் சந்தத்தை எடுத்துக்கொண்டான். அதை நொண்டும் சந்தம் என்று யாரும் குறைவாக நினைக்கவில்லை. அது வேறொரு நடை. அதற்கு அதன் ஓட்டம் உண்டு.

ஒற்றைக் காலால் சைக்கிள் மிதிப்பதும் அப்படியான வேறு நடைதான். சமயநல்லூரில் குடியிருக்கிறவனுக்கு இது புஸ்தகத்தில் படித்துத் தெரியவேண்டிய விஷயமல்ல. பழைய திண்டுக்கல் ரோட்டில் பரவை, விளாங்குடி, பாத்திமா காலேஜ் வழியாக மதுரை போகிற பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம் பூமி தட்டையாகக் கிடக்கிறது. தெற்கே நாகமலை தள்ளி நிற்கிறது. வைகை பாய்கிற சரிவு காலுக்குத் தெரியாது. இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிப்போனவர்கள் இந்த ரோட்டில் மில்லுக்கும் மார்க்கெட்டுக்கும் டுடோரியலுக்கும் போய்வந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் சாதனையாளர் என்று சொன்னதில்லை. சைக்கிளில் போனார்கள், அவ்வளவுதான்.

அதன் சூட்சுமம் இப்படி. வலது கால் நல்ல கால் என்று வைத்துக்கொள்வோம். அது பெடலை மேலிருந்து கீழே மிதித்துவிடும். கீழே போன பெடலை மறுபடி மேலே கொண்டுவருவது யார்? இரண்டு கால்காரனுக்கு இடது கால் மிதிக்கும்போது வலது தானாக எழும்புகிறது. இங்கே அது இல்லை. சக்கரத்தின் வேகம் உதவும் என்று நினைத்தால், ஃப்ரீவீல் இருக்கிற சைக்கிளில் சக்கரம் உருள்வது பெடலைச் சுற்றாது. ஆகவே காலே பெடலைத் தூக்கவேண்டும். அதற்குப் பாதத்தைப் பெடலோடு வாரால் கட்டவேண்டும், அல்லது முன்பாதத்தைப் பெடலுக்கு அடியில் கொக்கிபோல் போட்டு இழுக்கவேண்டும். இளம்பிள்ளை வாதக்காரர்கள் வேறொன்று கண்டுபிடித்திருந்தார்கள். பழைய டியூபை வாராகக் கிழித்து, வலுவில்லாத காலை அதன் பெடலில் கட்டிவிடுவார்கள். அந்தக் கால் மிதிக்காது. ஆனால் அதற்குக் கனம் உண்டு. அந்தப் பெடல் கீழே போகும்போது அந்தக் கனமும் சேர்ந்து போய், நல்ல காலை மேலே தூக்கிக் கொடுக்கும். எதற்கும் ஆகாதது என்று வீட்டில் சொல்லப்பட்ட கால், எதிர்எடையாக வேலை செய்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடித்தவர்களுக்கு யாரும் பௌதிகம் சொல்லிக் கொடுக்கவில்லை.

நிற்பதுதான் ஓட்டுவதைவிடக் கஷ்டம். நம் நாட்டில் ரோட்டின் இடது பக்கம் போகவேண்டும். இடது கால் நல்லதாக உள்ளவர் மண் பக்கம் சாய்ந்து, ஒரு மைல்கல்லிலோ திண்ணையிலோ காலை ஊன்றிவிடலாம். வலது கால் மட்டும் உள்ளவர் ஒவ்வொரு தடவையும் பஸ் வருகிற பக்கமாகச் சாய்ந்துதான் நிற்கவேண்டும். கோரிப்பாளையத்தில் சிக்னல் விழும் ஒவ்வொரு முறையும் அவர் செய்கிற கணக்கு, இரண்டு காலால் ஊன்றி நிற்கிற நமக்குத் தெரியாது. எந்தக் கால் போயிற்று என்பதில் இவ்வளவு இருக்கிறது. கண்ணீர்க் கட்டுரைகளுக்கு அது ‘ஒரு கால்’, அவ்வளவே.

ரொம்பவும் அந்நியமாகத் தோன்றினால், குரங்குப் பெடலை நினைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு தலைமுறை முழுக்க, சீட்டுக்குக் கால் எட்டாத வயதில், அப்பா சைக்கிளின் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, இடுப்பை வளைத்து, அரைப் பெடலாகத் தட்டித்தட்டித்தான் சைக்கிள் பழகிற்று. 28 அங்குலச் சக்கரமும் அந்த உயரமான பாரும் வளர்ந்த ஆண்பிள்ளையின் அளவுக்குச் செய்யப்பட்டவை. பையனுக்கு அது பொருந்தவில்லை. பையன் தன்னை வளைத்துக்கொண்டான். பெண்கள் சேலையோடு ஏற அது பொருந்தவில்லை; பாரை இறக்கி லேடீஸ் சைக்கிள் செய்தார்கள். 1990களின் ஆரம்பத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் பழக்கியபோது லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்ததிலேயே பழகினார்கள். ஆக யந்திரத்துக்குப் பொருந்தாத உடம்பு என்பது கால் போனவர்களின் தனிச்சொத்து அல்ல. யாருடைய உடம்பை அளவெடுத்துச் செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

மதுரையிலேயே இதற்கு ஓர் உதாரணம், சைக்கிளுக்கு வெளியே. 1976ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு மூட்டுவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அவர் தம் விரலுக்கு ஏற்றபடி கருவிகளைச் செய்துகொண்டு, கண்ணுக்குள் கத்தி வைத்தார். அவருடைய மனோதிடத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்தக் கருவிகளின் பிடி எப்படி இருந்தது என்று எழுதியதை நான் பார்த்ததில்லை.

மருத்துவத்தின் பக்கத்திலிருந்து வந்த பெரிய காரியம் ஜெய்ப்பூர் பாதம். 1960களின் கடைசியில் சவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து செய்தது. மேல்நாட்டுச் செயற்கைக்கால் ஷூவுக்குள் போவதற்கென்று செய்தது, கணுக்கால் மடங்காது, நம்மவர்கள் தரையில் குந்துவதற்கோ சகதியில் நடப்பதற்கோ லாயக்கில்லை. ஜெய்ப்பூர் பாதம் ரப்பரால் ஆனது, நனையலாம், வளையும், ஆகவே பெடலில் நிற்கும். அந்த யோசனை வந்ததைப் பற்றிச் சொல்லப்படுகிற கதை எனக்குப் பிடிக்கும். சர்மாவின் சைக்கிள் பங்சராகி, ரோட்டோரக் கடையில் நின்றாராம். அங்கே லாரி டயருக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். அதைப் பார்த்துத் தோன்றிற்றாம். டாக்டருக்கு 1981ல் மக்ஸேஸே பரிசு கிடைத்தது. கைவினைஞரின் பெயர் வெகுநாள் அடுத்த வரியில்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த 1981ஐத்தான் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்தது. அதே வருஷம் விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், ஜெய்ப்பூர் பாதத்தோடு மறுபடி ஆடினார். அது ‘மயூரி’ என்று தெலுங்கில் படமாகி, அவரே நடித்தார். நம் காலத்துக் கைதட்டலின் இலக்கணம் ஏறக்குறைய அங்கேதான் முடிவாயிற்று என்று நினைக்கிறேன். அவர் ஆட்டத்தைப் பற்றி, முத்திரை சுத்தத்தைப் பற்றி, யாருக்கும் பேசவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. ஒரு கலைஞருக்கு அதைவிடப் பெரிய அவமானம் உண்டா என்று தெரியவில்லை.

சர்க்கார் பக்கத்திலிருந்து வந்தது கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டி. கான்பூரில் செயற்கை உறுப்புகள் செய்யும் அரசுக் கம்பெனி 1972ல் ஏற்பட்டு, 1976ல் உற்பத்தியைத் தொடங்கிற்று. அங்கிருந்தும் உள்ளூர் லேத்துப் பட்டறைகளிலிருந்தும் வந்த வண்டிகள் மேடை போட்டு, மாலை போட்டு, மந்திரிகள் கையால் வழங்கப்பட்டன. ஃபார்ஃப்லரின் வண்டிதான், சங்கிலி மட்டும் கூடுதல். இது வந்ததால் வீட்டு மூலையிலிருந்து தெருவுக்கு வந்தவர்கள் அனேகம். அதை மறுக்கிறவன் அல்ல நான். ஆனால் வண்டியைக் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். நான் பார்த்த பலவற்றில் ஒரு கை சுற்றவேண்டும், மறு கை திருப்பவேண்டும். பிரேக் பிடிக்க இரண்டில் ஒன்றை விடவேண்டும். கியர் கிடையாது. தோள் தசை தொடைத் தசையில் பாதிகூட வராது. மேம்பாலம் என்றால் யாராவது தள்ளவேண்டும். ஃப்ரீவீல் இருப்பதால் பின்னால் போக முடியாது. சிலவற்றில் சங்கிலி ஒரு பின்சக்கரத்தை மட்டும் உந்துவதால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு பின்சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஃபரன்ஷியலை ஜேம்ஸ் ஸ்டார்லி 1877லேயே கண்டுபிடித்தார். எதற்காக? மூன்று சக்கர மிதிவண்டிக்காக. மோட்டார்கார் அதை எடுத்துக்கொண்டு போயிற்று. ஊனமுற்றவரின் வண்டிக்கு அது திரும்பி வரவில்லை.

காரணம் எளிது. தானமாகக் கொடுக்கிற பொருளுக்கு, வாங்குகிறவன் குறை சொல்லமாட்டான். தோன்றிக்கோன் கொடுத்தது முடவனார் கேட்டதற்காக. இங்கே யாரும் கேட்பதற்கு முன்பே மேடை போட்டாயிற்று.

வண்டி கிடைத்தவருக்கு அடுத்த பிரச்னை அது போய் நிற்கிற இடம். நான் வேலை பார்த்த ஒரு பாங்குக் கிளையின் வாசலில் ஐந்து படிகள் இருந்தன. மாதப் பென்ஷன் நாளில் கைவண்டிக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேப்பமரத்து நிழலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். காவலாளி சீட்டை வாங்கி உள்ளே கொண்டுவருவார். கையெழுத்துச் சரியில்லை என்றால் மறுபடி வெளியே போகும். அவர்கள் பணம் எண்ணப்படுவதை அவர்கள் பார்த்ததில்லை. 2020ன் கடைசியில், காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை கால் இழந்தவர்கள் சைக்கிளில் போகும் படம் அந்தக் கிளை ஊழியர்களின் கைபேசிக் குழுவில் வந்தது. கூப்பிய கைகளாக வந்து குவிந்தன. சரிவுப் பாதை கட்டவேண்டும் என்று அதற்கு முன்பே மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பொதுக் கட்டடங்களை ஐந்து வருஷத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்று 2016ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது.

அந்தப் பிரயாணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும்; கூப்பிய கைகளுக்காக அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. அதை நடத்தியது ஹைதராபாத்தைச் சேர்ந்த ஆதித்யா மேத்தாவின் ஸ்தாபனம், எல்லைப் பாதுகாப்புப் படையோடு சேர்ந்து. மேத்தா விபத்தில் ஒரு காலை முழங்காலுக்கு மேலே இழந்தவர். 2013ல் டில்லியில் நடந்த ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளி வாங்கியவர். 2020 நவம்பரில் ஸ்ரீநகரில் கிளம்பிய முப்பது பேர் டிசம்பர் கடைசியில் கன்னியாகுமரி சேர்ந்தார்கள். ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த தான்யா டாகா என்ற பெண் அதை ஒற்றைக் காலால் மிதித்தே முடித்தார். மேலே சொன்ன அரைவட்டக் கணக்கை நினைத்துக்கொண்டு இந்தத் தூரத்தை யோசித்தால், கண்ணீர் வருவதற்குப் பதிலாகத் தொடை வலிக்கும். அதுதான் சரியான ரசனை என்று சொல்லுவேன்.

உலக அளவில் இது விளையாட்டாக ஒழுங்குபட்டது தாமதமாகத்தான். பாராலிம்பிக்கில் சைக்கிள் சேர்ந்தது 1984ல். கையால் சுற்றும் வண்டி 2004ல் ஏதென்ஸில். இரண்டு சக்கரம், மூன்று சக்கரம், கைவண்டி, பார்வையற்றோருக்கு இருவர் ஓட்டும் வண்டி என்று நாலு வகை; ஒவ்வொன்றுக்குள்ளும் உடம்பின் நிலையைப் பொறுத்துப் பிரிவுகள். இந்தப் பிரிவுகளைச் சிலர் குரூரமாக நினைக்கிறார்கள். எனக்கு அது மரியாதையாகப் படுகிறது. முழங்காலுக்கு மேலேயா கீழேயா என்று கேட்கிற ஒரே இடம் அதுதான். இத்தாலிய மோட்டார் பந்தயக்காரர் அலெஸாந்த்ரோ ஸனார்டி 2001ல் ஜெர்மனியில் பந்தயத்தில் இரண்டு கால்களையும் இழந்து, 2012ல் லண்டனிலும் 2016ல் ரியோவிலும் கைவண்டியில் தங்கம் வாங்கினார். லண்டன் போட்டி நடந்தது அவர் ஒரு காலத்தில் காரோட்டிய பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில். அவருக்கு வண்டி விஷயத்தில் பெரிய பந்தயக் கார்க் கம்பெனிகளின் கை கிடைத்தது. வேப்பமரத்து நிழலில் நிற்கிற வண்டியும் அவர் வண்டியும் ஒரே ஜாதி என்று சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. இந்தியாவிலிருந்து இந்தப் போட்டிக்கு முதன்முதலாகத் தகுதி பெற்றவர்கள் ஆந்திரத்தைச் சேர்ந்த அர்ஷத் ஷேக்கும் மராட்டியத்தைச் சேர்ந்த ஜோதி கடேரியாவும், 2024ல் பாரிஸில். பதக்கம் இல்லை. ஆகையால் அவர்கள் பெயரை ஞாபகம் வைத்திருப்பவர்கள் குறைவு. உத்வேகத்துக்கும் ஒரு மார்க்கெட் நிலவரம் உண்டு.

இருவர் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. முன்னால் கண்ணுள்ளவர், பின்னால் பார்வையற்றவர். சாங்கியத்தில் குருடனும் முடவனும் சேர்ந்து காட்டைக் கடக்கிற உவமை உண்டு: குருடன் தோளில் முடவன் உட்கார்ந்து வழி சொல்லுவான். புருஷனுக்கும் பிரகிருதிக்கும் சொன்னது. இந்த வண்டியில் யாரும் யாரையும் சுமப்பதில்லை. ஒரே சங்கிலியில் இரண்டு பேரும் மிதிக்கிறார்கள். பின்னால் இருப்பவர் மிதிப்பதை நிறுத்தினால் முன்னால் இருப்பவருக்குக் காலில் உடனே தெரியும். உவமையைவிட வண்டி முன்னேறியிருக்கிறது.

ஒரு விஷயம் இதற்குள் மாறிவிட்டது. இந்தியாவில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசிக் கேஸ் 2011 ஜனவரியில் ஹௌரா ஜில்லாவில். 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்த வட்டாரத்தில் அது ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. திண்டுக்கல் ரோட்டில் காலைக் கட்டிக்கொண்டு மிதித்த தலைமுறைக்கு வாரிசு கிடையாது. அப்படித்தான் ஆகவேண்டும். அவர்களோடு டியூப் வாரின் வித்தையும் போகும். இப்போது கால் போவது வேறு விதத்தில். மேத்தா விபத்து, ஸனார்டி விபத்து. 2022ல் மட்டும் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். சமயநல்லூரை ஒட்டிப் போகிற நாலுவழிச் சாலை, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிற அதே 44ஆம் எண் சாலைதான். காலை எடுப்பதும் அந்த மாதிரி ரோடுதான், காலில்லாமல் ஓட்டிக்காட்டுவதும் அதில்தான்.

இங்கே ஒரு சைக்கிள் கடைக்காரர் இருக்கிறார். வயசானவர். ஒரு கால் இல்லாதவர்களுக்கு அவர் செய்துகொடுத்தது எளிய வேலை. கட்டைக்கம்பைச் சைக்கிளோடு சேர்த்துக் கட்டுகிற பக்கத்தில் கிராங்க் சும்மா சுற்றிக் கம்பில் இடிக்கும். அதனால் காட்டர் பின்னைத் தட்டி எடுத்து அந்தக் கிராங்கைக் கழற்றிவிடுவார். மறு பெடலில் தோல் வார் அடித்துக் கொடுப்பார். கழற்றிய கிராங்குகளைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஏழெட்டு இருக்கும். யாராவது திரும்பிக் கேட்டால் கொடுக்க என்று சொன்னார். சென்ற வருஷம் நாலுவழிச் சாலையில் லாரி தட்டி இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்த ஒரு பையனை அவன் மாமா கூட்டிவந்திருந்தார். கியர் வைத்த புது சைக்கிள், விபத்துக்கு முன்பு வாங்கியது. கடைக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, இதில் காட்டர் பின் இல்லையே தம்பி, அலுமினியம், கழற்ற வேற டூல் வேணும், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கேட்டுப் பாருங்க என்றார். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார். சைக்கிளை பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று கண்டக்டர் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, பையனைக் கேரியரில் உட்காரவைத்து, மாமாவே மதுரைக்கு மிதித்துக்கொண்டு போனார்.